‘உருவச் சறுக்கு’ அன்று, கோலச் சறுக்கு

குளிர்கால ஒலிம்பிக் வரும்போதெல்லாம் நம் செய்திகளில் ‘ஃபிகர் ஸ்கேட்டிங்’ என்ற விளையாட்டைக் குறிக்க ‘உருவச் சறுக்கு’ என்றொரு தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. அண்மையில் திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அந்தப் போட்டியைக் கைபேசியில் பார்த்த மருமகள், தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ‘எண்ணிக்கைச் சறுக்கு’ என்று காட்டவே, “மாமா, இதில எதை எண்ணுறாங்க?” என்று கேட்டாள். பிள்ளையின் கேள்வி நியாயமானது. ‘ஃபிகர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது.

‘ஸ்கேட்’ என்பதை ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் ‘ஸ்காட்ஸ்’ என்ற சொல்லிலிருந்து எடுத்தது. ஈற்று ‘ஸ்’ பன்மை விகுதி என்று மயங்கி அதைக் களைந்துவிட்டது. அதன் மூலம் பழைய பிரெஞ்சில் பொய்க்காலைக் குறிக்கும். கந்தோரையும் லாச்சியையும் நமக்குத் தந்த ஒல்லாந்தரிடமிருந்து இந்தச் சொல்லை வாங்க நமக்குத் தேவை இருக்கவில்லை. ‘சறுக்கு’ என்ற வினை நம்மிடமே இருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்றாலும், சறுக்குமரத்தில் பிள்ளைகள் விரும்பியே சறுக்குகிறார்கள்.

சிக்கல் அடைமொழியில்தான். சறுக்குச் சப்பாத்தின் அலகுக்கு உள் விளிம்பு, வெளி விளிம்பு என இரண்டு உண்டு. ஒரு விளிம்பில் சாய்ந்து செல்லும்போது பனிக்கட்டியில் வளைகோடு விழும். எட்டு என்ற இலக்கத்தை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய வளைகோட்டு வடிவங்களைத்தான் ஆங்கிலம் ‘ஃபிகர்’ என்றது. அவற்றைப் பிசகாமல் மீண்டும் மீண்டும் கீறிக் காட்டுவது ஒரு காலத்தில் மொத்தப் புள்ளிகளில் 60 சதவீதத்தைப் பெற்றுத் தந்தது. 1972இல் ஜப்பானின் சப்போரோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஒஸ்திரியாவின் பெயட்ரிக்ஸ் ஷூபா, இசைக்கு ஆடும் கட்டற்ற சறுக்கில் ஏழாம் இடத்துக்குப் போயும் தங்கம் வென்றது இந்தக் கீறலின் வலிமையால்தான். 1990உடன் உலகப் போட்டிகளில் இது நிறுத்தப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? தைப்பொங்கலன்று அம்மா மெழுகிய முற்றத்தில் அரிசிமாவை விரலிடுக்கால் விட்டு, புள்ளிகளைச் சுற்றி இழையை வளைத்து, தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து முடிப்பார். இழை எங்கே தடித்தது, எங்கே நடுங்கியது என்று பெரியம்மா குனிந்து பார்ப்பார். பனிக்கட்டிமேல் குனிந்து நடுவர்கள் பார்த்ததும் இதையேதான். ஆகவே அது கோலச் சறுக்கு.

‘கலைச் சறுக்கு’ என்பாரும் உளர். பிரெஞ்சும் ஜெர்மனும் அப்படித்தான் சொல்கின்றன என்ற அவர்களின் வாதத்தை நான் தள்ளவில்லை. ‘உருவ’த்தைவிட அது நூறு மடங்கு மேல். ஆனால் சில்லு (சக்கரம்) பூட்டிய சப்பாத்துடன் ஆடும் போட்டிகளில், தரையில் தீட்டிய வட்டங்களின் வழியே பிசகாமல் செல்லும் பிரிவு இன்றும் தனியாக இருக்கிறது. முழு விளையாட்டையும் ‘கலை’ என்றால், அதற்குள் வரும் இந்தப் பிரிவை என்னவென்பது? அங்கேயும் கோலத்திடம்தான் வரவேண்டும். கோலம் தோற்றத்தையும் குறிக்குமே என்று கேட்கலாம். மணக்கோலம் என்கிறோம்தான், அந்தப் பொருளில் எடுத்தாலும் ஆடை அணிந்து இசைக்கு ஆடும் இந்த விளையாட்டுக்கு அது இழுக்கன்று. ‘உருவம்’ எந்தப் பொருளிலும் ஒட்டவில்லை.

இதே அவசரம்தான் ‘பனிச்சறுக்கு’ என்பதிலும் தெரிகிறது. பொழிந்த பனியின் மேல் மலைச்சரிவில் இறங்குவதற்கு அது பொருந்தும்; உறைந்த கட்டியின் மேல் செல்வதற்குப் ‘பனிக்கட்டிச் சறுக்கு’ என்று நான்கெழுத்துக் கூட்டி எழுதுவதில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன சிரமம்? ‘ரோலர் ஸ்கேட்டிங்’கை ‘உருளைச் சறுக்கு’ என்பதும் வேண்டாம். உருளை என்றால் இங்கே வீதி போடும் இயந்திரத்தின் இரும்புதான் கண்முன் வரும். சைக்கிளுக்குச் சில்லு என்பவர்கள் நாம். 1863இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன் செம்மைப்படுத்திய நான்கு சில்லு வகை நாற்சில்லுச் சறுக்கு. சில்லுகள் ஒரே வரிசையில் உள்ளது நேர்ச்சில்லுச் சறுக்கு. மாலையில் எங்கள் ஒழுங்கையில் ஓடித் திரியும் பிள்ளைகள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அதைச் ‘சில்லுச் சப்பாத்து’ என்கிறார்கள்.