எடை குறைந்த லேப்டாப்: அந்த 400 கிராம் எங்கே போனது?

1.6 கிலோ லேப்டாப்பை ஒரு கையிலும் 1.2 கிலோ லேப்டாப்பை இன்னொரு கையிலும் தூக்கிப் பார்த்தால் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம். வாங்குமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த 400 கிராமை எதில் குறைத்தார்கள்? உடலின் உலோகத்திலா, பேட்டரியிலா, சூட்டைக் கடத்தும் செப்புக் குழாயிலா, கீலிலா? உலோகத்தில் குறைத்திருந்தால் லாபம். மற்றவற்றில் குறைத்திருந்தால், அந்தக் கணக்கு ஓரிரு வருஷத்தில் சர்வீஸ் மேசைக்கு வந்துசேரும்.

2008 ஜனவரியில் ஆப்பிள் முதல் மேக்புக் ஏரை ஒரு காகித உறையிலிருந்து உருவிக் காட்டியது. எடை 1.36 கிலோ. மெல்லிய விளிம்பில் 4 மி.மீ., தடித்த இடத்தில் 19.4 மி.மீ. பேசப்பட்டதெல்லாம் அந்த 4 மி.மீ.தான். நினைவகம் (ராம்) போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட 2 ஜிபி, யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று, பேட்டரியை நாமே கழற்ற முடியாது. 2011-இல் இன்டெல் மெல்லிய, இலகுவான லேப்டாப்களுக்கு ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரைக் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. இன்றைக்கும் விளம்பரத்தில் வரும் தடிமன் பெரும்பாலும் மெல்லிய விளிம்பின் அளவுதான். அடியில் இருக்கும் ரப்பர் கால்கள் அந்தக் கணக்கில் வராது.

எடையிலும் ஒரு சின்ன தந்திரம் உண்டு. ‘1.19 கிலோவிலிருந்து’ என்று போட்டிருந்தால், அந்த ‘இலிருந்து’தான் முக்கியம். அது சிறிய பேட்டரியும் டச் இல்லாத திரையும் உள்ள மாடலின் எடை. நீங்கள் வாங்கும் மாடல் அதைவிடக் கனமாக இருக்கலாம். சார்ஜரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய பாணி 65 வாட் சார்ஜர், கேபிளோடு 300 கிராம் வரை வரும். காலியம் நைட்ரைடு (GaN) வகை சார்ஜர் அதில் பாதிக்குப் பக்கத்தில் இருக்கும். துளைகள் போதாமல் ஒரு ஹப் வாங்கினால் அதுவும் பையில்தான் ஏறும். சுமக்கப் போவது மொத்தப் பையை என்பதால் ஒப்பிட வேண்டியதும் அதைத்தான்.

நேர்மையான எடைக் குறைப்பு பொருளில் நடப்பது. மக்னீசியக் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.8 கிராம், அலுமினியத்துக்கு 2.7. அதனால்தான் ஒரு கிலோவுக்குக் கீழே இருக்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் மக்னீசியமோ கார்பன் ஃபைபரோ இருக்கும். தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி தோன்றும், அழுத்தினால் லேசாக வளையும். அதைப் பார்த்து ‘மட்டமான சரக்கு’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். சில்லென்று கெட்டியாக இருக்கும் அலுமினிய உடல் கைக்கு உயர்வாகத் தெரியும், அவ்வளவுதான்.

பிராசஸர் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

மெல்லிய லேப்டாப்பில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே பிராசஸர், இரண்டு லேப்டாப், இரண்டு வேகம். கோர் அல்ட்ரா 7 155ஹெச்-ஐ எடுத்துக்கொள்வோம். இன்டெல் கணக்கில் அதன் அடிப்படை மின் அளவு 28 வாட். கொஞ்ச நேரம் வேகத்தைக் கூட்டும் டர்போவில் 115 வாட் வரை போகலாம். எத்தனை வாட்டைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். அவர் முடிவு செய்வது ஃபேனையும், ஹீட் பைப் என்ற அந்தச் செப்புக் குழாயையும் பார்த்து. ஒற்றை ஃபேனும் ஒற்றைக் குழாயும் உள்ள மெல்லிய உடலில் 20, 25 வாட்டுக்கு மேல் நிலையாகக் கொடுக்க முடியாது. கொஞ்சம் தடித்த உடலில் இரண்டு ஃபேனோடு 45 வாட் தாராளமாக ஓடும். அட்டைப்பெட்டியில் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர்.

ஆகவே முதல் ஒரு நிமிட வேகம் எதையும் சொல்லாது. விமர்சனங்களில், பிராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனையைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டிய மதிப்பெண்ணைத் தேடுங்கள். முதல் சுற்றில் கிடைத்ததற்கும் கடைசிச் சுற்றில் கிடைத்ததற்கும் வித்தியாசம் கால் பங்குக்கு மேல் இருந்தால், வீடியோ எடிட்டிங், பெரிய மென்பொருள் நிரலைக் கம்பைல் செய்வது போன்ற வேலைகளுக்கு அது சரிவராது. கையில் லேப்டாப் கிடைத்தால் நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தேர்ந்தெடுத்து, கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு, கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கவனியுங்கள். 3.8-இல் தொடங்கி ஐந்து நிமிடத்தில் 2-க்குக் கீழே இறங்கினால் சூட்டைச் சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம். அதே சோதனையைச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டும் செய்ய வேண்டும். சில மாடல்கள் பேட்டரியில் இருக்கும்போது வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும்.

ஃபேனே இல்லாத லேப்டாப்களும் இருக்கின்றன. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் அப்படிப்பட்டது. எழுத்து வேலை, பிரவுசர், கணக்கு ஷீட் என்றால் குறை சொல்ல முடியாது. தூசி அடைக்க வழியும் இல்லை. நெடுநேரம் முழு வேகம் கேட்கும் வேலையைக் கொடுத்தால்தான் சில நிமிடங்களில் வேகம் இறங்கும்.

ஃபேன் உள்ளதில் காற்றை உள்ளே இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடியில் இருக்கும். மெத்தையில் வைத்தால் மூச்சு அடைத்துவிடும். சூட்டைக் காற்றில் விடும் ஹீட்சிங்க்கின் தகடுகள் நெருக்கமாக இருப்பதால் தூசியும் சீக்கிரம் படலம் கட்டும். அடிமூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்பதையும் வாங்குமுன் பாருங்கள். வெளியே தெரியும் திருகுகள் போதுமா, அல்லது ரப்பர் காலைப் பிய்த்து அதன் கீழே ஒளிந்திருக்கும் திருகைத் தேட வேண்டுமா? பிய்த்த ரப்பர் மறுபடி பழையபடி ஒட்டாது.

பிறகு கூட்ட முடியாததை இப்போதே கூட்டுங்கள்

மெல்லிய மாடல்களில் பெரும்பாலும் எல்பிடிடிஆர் வகை நினைவகம்தான். சிப்புகள் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். மின்சாரம் குறைவாகக் குடிக்கும், வேகமும் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு வருஷம் கழித்து 8-ஐ 16 ஆக்க வழியே கிடையாது. சிப் பழுதானால் பல நேரம் போர்டையே மாற்றச் சொல்வார்கள். 2024-இல் வந்த இன்டெல் லூனார் லேக் வகை பிராசஸரில் நினைவகம் பிராசஸர் பொட்டலத்துக்குள்ளேயே போய்விட்டது: 16 அல்லது 32 ஜிபி, வேறு அளவே இல்லை. எனவே நினைவகத்தில் சிக்கனம் வேண்டாம். இன்றைய பிரவுசர், வீடியோ கால், ஆபீஸ் மென்பொருள் எல்லாம் சேர்ந்தால் 16 ஜிபிதான் குறைந்தபட்சம். பணம் இடித்தால், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைச் சின்னதாக வாங்குங்கள். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் அதைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மேக்புக் ஏரில் அதுவும் முடியாது.

எஸ்எஸ்டியை மாற்றும் எண்ணம் இருந்தால் நீளத்தையும் பார்த்து வையுங்கள். எம்.2 வகையில் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். இடமில்லாத உடல்களில் 2242, 2230 அளவுகள் வரும். 80 மி.மீ. துண்டை வாங்கி வந்து 42 மி.மீ. இடத்தில் வைத்துப் பார்த்து விழிப்பவர்கள் நிறையப் பேர்.

‘8 ஜிபி போர்டில், ஒரு ஸ்லாட் காலி’ என்று சொல்லி விற்கும் மாடலும் உண்டு. பின்னால் கூட்ட வசதிதான், ஆனால் ஸ்லாட்டை நிரப்பும்வரை நினைவகம் ஒற்றைச் சேனலில், அதாவது இரண்டுக்குப் பதில் ஒரே பாதையில் ஓடும். அதே நினைவகத்தைப் பயன்படுத்தும் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு அது பெரிய அடி. ஸ்லாட் இருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ வரி சொல்லும். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றால் சால்டர், ‘சோடிம்’ என்றால் ஸ்லாட். சில மாடல்களில் இந்த வரி தப்பாகவும் காட்டும். தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து உள்படத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

பேட்டரியின் எம்ஏஹெச் கணக்கு

பேட்டரியை எம்ஏஹெச்-சில் (மில்லிஆம்பியர்-அவர்) ஒப்பிட வேண்டாம். 7.7 வோல்ட், 7000 எம்ஏஹெச் பேட்டரியின் கொள்ளளவு 53.9 வாட்-அவர். 15.4 வோல்ட், 4000 எம்ஏஹெச் பேட்டரிக்கு 61.6 வாட்-அவர். சின்ன எண் போட்டதுதான் பெரிய பேட்டரி. வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் வந்துவிடும். பேட்டரி மேல் அச்சடித்தும் இருக்கும்.

இதை வைத்து நேரத்தைக் கணக்கிடலாம். எழுதுவது, படிப்பது போன்ற வேலையில் ஒரு மெல்லிய லேப்டாப் சராசரியாக 8 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 50 வாட்-அவரில் ஆறு மணி நேரம் வரும். வீடியோ காலில் 14 வாட் போனால் மூன்றரை மணி நேரம். ‘18 மணி நேரம்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவை ஓட்டி எடுத்த கணக்கு. 50 வாட்-அவர் பேட்டரி கால் கிலோவுக்குப் பக்கத்தில் எடை வரும். அதனால் மிக இலகுவான மாடல்களில் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். நாள் முழுக்க வெளியே வேலை என்றால், 38 வாட்-அவரோடு 980 கிராம் இருப்பதைவிட 60 வாட்-அவரோடு 1.2 கிலோ இருப்பதே மேல். அந்த 220 கிராம், சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் சுதந்திரத்தைத் தரும்.

திரையும் பேட்டரியோடு சேர்ந்த விஷயம். 14 அங்குலத்தில் 1920க்கு 1200 பிக்சல் போதும். 2880க்கு 1800 கண்ணுக்கு இதம், பேட்டரிக்குச் சுமை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் வெள்ளைப் பக்கங்கள் கூடுதல் மின்சாரம் குடிக்கும், இருண்ட பின்னணி குறைவாகக் குடிக்கும். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் கீழே வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 400. திரை காட்டும் நிறங்களின் அளவாக ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று எழுதியிருந்தால் அந்தத் திரையில் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் தெரியும். ஓஎல்இடியில் தலைவலி வருபவர்கள் வெளிச்சத்தைக் குறைத்து, போன் கேமராவின் ஸ்லோ மோஷனில் திரையைப் படம் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் திரை விட்டுவிட்டு மினுங்குகிறது.

யூஎஸ்பி சி துளையைப் பற்றிச் சுருக்கமாக. வடிவம் ஒன்று, வேகம் நொடிக்கு 480 மெகாபிட்டிலிருந்து 80 கிகாபிட் வரை எதுவாகவும் இருக்கலாம். எல்லாத் துளையும் மானிட்டரை இயக்காது, எல்லாத் துளையும் சார்ஜ் ஏற்றாது. 60 வாட்டுக்கு மேல் சார்ஜ் வேண்டும் என்றால் உள்ளே அடையாளச் சிப் வைத்த கேபிள் வேண்டும். போன் கேபிளைக் குத்திவிட்டு ‘மெதுவாக ஏறுகிறது’ என்று லேப்டாப்பைத் திட்டுவதில் பயனில்லை. இரண்டு பக்கமும் சார்ஜ் துளை இருந்தால் நல்லது. ஒன்று தளர்ந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும், ஏனென்றால் இந்தத் துளைகள் பல மாடல்களில் நேராக மதர்போர்டில் உட்கார்ந்திருக்கின்றன.

2024-இலிருந்து வரும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்களில் போன்களில் இருப்பது போன்ற ஆர்ம் வகை பிராசஸர். அவை குளிர்ச்சியாக ஓடும், பேட்டரியும் நிற்கும். பழைய மென்பொருள்கள் பலவற்றை மொழிமாற்றி ஓட்டிவிடும். இணைக்கும் கருவிகளை இயக்கும் டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. பழைய பிரிண்டர், ஸ்கேனர், அலுவலக விபிஎன், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

கீல், மூடி, பை

மெல்லிய லேப்டாப்பில் கீலின் திருகுகள் பல நேரம் பிளாஸ்டிக்கில் புதைத்த பித்தளை மரைக்குள் இறங்கியிருக்கும். மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் திறக்கத் திறக்க விசை ஒரே கீலில் விழுகிறது. கீல் இறுகும்போது பித்தளை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். கீல் பக்கத்து ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளியும், திறக்கும்போது ‘டக்’ என்ற சத்தமும்தான் முதல் அறிகுறி. அந்த நிலையில் திறந்து மூடுவதை நிறுத்தி, கீலைத் தளர்த்திக்கொண்டால் சின்ன வேலையில் முடியும். விட்டால் மூடி, திரை, திரைக்கு வரும் கேபிள் என்று வரிசையாகப் போகும்.

கடையில் மூடியின் நடுவில் விரலால் லேசாக அழுத்தி, எவ்வளவு குழிகிறது என்று பாருங்கள். அதிகம் குழிந்தால், பையில் புத்தகத்துக்கு அடியில் வைக்கும்போது கீபோர்டு திரையில் பதியும். கீபோர்டில் ஒரு பக்கமாவது அடித்துப் பார்க்க வேண்டும். விசை 1 மி.மீ. இறங்குவதற்கும் 1.5 மி.மீ. இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கு உடனே தெரியும். பல மாடல்களில் கீபோர்டை மேல்சட்டத்தோடு ரிவெட் அடித்திருப்பதால், ஒரு விசைக்காக முழுச் சட்டத்தையும் மாற்ற நேரும்.

மூடியதும் முழுவதும் தூங்காத லேப்டாப்கள் இப்போது அதிகம். பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு, சூடாகி, பேட்டரியையும் காலி செய்துவிடும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ‘மூடியை மூடினால்’ என்ற இடத்தில் ‘ஹைபர்னேட்’ (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுவதும் அணைவது) என்று மாற்றிவிடுங்கள். எழும்ப சில நொடி கூடும், அவ்வளவே. நாள் முழுக்க சார்ஜரிலேயே இருப்பவர்கள், தயாரிப்பாளரின் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திவைக்கலாம்.

சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். மெல்லிய உடலில் அது விரிய இடமில்லாததால் டச்பேடைத்தான் மேலே தள்ளும். டச்பேட் கிளிக் ஆக மறுத்தால், அல்லது சமதளத்தில் வைத்த லேப்டாப் ஒரு மூலையில் ஆடினால், முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அழுத்தாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு.