"பாதிப்பு ஏதுமில்லை" என்று எழுதுவதற்கு முன்

மானியம் கேட்டு வரும் திட்ட முன்மொழிவுகளில் சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. பக்கம் பக்கமாகத் திட்டத்தை விவரிப்பவர்கள், "எதிர்பார்க்கும் பாதிப்புகள்" என்ற இடத்துக்கு வந்ததும் "ஏதுமில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இந்த மாதமும் அப்படி ஒன்று வந்தது. குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு, பக்கத்திலேயே பொதுக் கழிப்பறை. வரைபடத்தை அளந்து பார்த்தால் கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 12 மீட்டர்கூட இல்லை. பேரிடர் முகாம்களுக்கே, நிவாரணப் பணிகளுக்கான சர்வதேசத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு குறைந்தது 30 மீட்டர் இடைவெளி கேட்கிறது. குழியின் அடி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "நாங்கள் என்ன அணையா கட்டப் போகிறோம்? நல்ல காரியம்தானே செய்கிறோம்?"

இந்த நினைப்புதான் பெரிய ஆபத்து. நல்ல காரியம் என்பதற்காக நிலமும் நீரும் நமக்குச் சலுகை காட்டாது. வங்கதேசத்தைப் பாருங்கள். குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1970களில் யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அதைவிட நல்ல நோக்கம் இருக்க முடியுமா? கிருமி இல்லாத நீர் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த நீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கிறதா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. இருக்கிறது என்று உறுதியானது 1993இல். ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த நாட்டின் சொந்த வரம்பு 50. அதையும் தாண்டிய நீரைத்தான் கோடிக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்காகக் குடித்திருந்தார்கள். வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டு நச்சுப் பாதிப்பு என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000இல் வந்த கட்டுரை இதைக் குறிப்பிட்டது.

அடுத்தது, "எங்களுடையது சின்னத் தொகை" என்ற சமாதானம். உலக வங்கி 2018 அக்டோபரிலிருந்து நடைமுறைப்படுத்தும் சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பில் திட்டங்களை அவற்றின் ஆபத்தைப் பொறுத்து உயர், கணிசமான, மிதமான, குறைந்த என நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அங்கேயும் திட்டத்தின் அளவு மட்டும் கணக்கில்லை. எந்த இடம், எப்படிப்பட்ட வேலை, யார் பாதிக்கப்படுவார்கள், செயல்படுத்துபவருக்கு அதைச் சமாளிக்கும் திறன் உண்டா என்றெல்லாம் பார்க்கிறார்கள். சின்ன மானியத்தில் வீடுவீடாகச் சோலார் விளக்கு கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் அந்த ஈய பேட்டரிகளின் ஆயுள் முடியும். அப்புறம் அவை எங்கே போகும்? யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் உடைத்து ஈயத்தை உருக்குவார். அந்த மண்ணில் குழந்தைகள் விளையாடுவார்கள். திரும்பப் பெறும் ஏற்பாடு பற்றி முன்மொழிவில் ஒரு வரிகூட இருக்காது.

எனக்கு அதிகம் கோபம் வருவது நில விஷயத்தில்தான். "ஊரார் மனமுவந்து வழங்கிய நிலம்" என்று எழுதி, ஒரு கடிதத்தை இணைத்திருப்பார்கள். அந்தக் கடிதங்களை நான் நிதானமாகப் படிப்பவன். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே தேதி, அடியில் வரிசையாகக் கைநாட்டுகள். நிலம் கேட்டவரே சாட்சி. அந்த நிலத்தில் யார் பயிர் செய்கிறார், யார் ஆடு மேய்க்கிறார் என்ற விவரம் இருக்காது. தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. நிலம் கொடுப்பவருக்கு மறுக்கவும் உரிமை உண்டு என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பது சிறு பகுதியாக இருக்க வேண்டும், மிச்ச நிலம் அவர் பிழைப்புக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். யாரும் வீட்டைவிட்டுப் போகும்படி ஆகக் கூடாது. பொது நிலமென்றால் அதைப் பயன்படுத்துபவர்களின் ஒப்புதலும் வேண்டும். ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டால் முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தனியாகப் போய்க் கேளுங்கள். வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள்.

வெளியூர்த் தொழிலாளர்கள் வந்து தங்கும் வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. உகாண்டாவில் சாலை போட வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள் பள்ளி வயதுச் சிறுமிகளிடம் நடந்துகொண்ட விதத்தால், உலக வங்கி 2015 டிசம்பரில் அந்தப் போக்குவரத்துத் திட்டத்தையே ரத்து செய்தது. திட்டம் நின்றது, சரி. அந்தச் சிறுமிகளுக்கு நேர்ந்ததை யார் மாற்றுவது? நடத்தை விதிகளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், ஆட்கள் வந்து இறங்குவதற்கு முன்பே.

புகார் பெட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "இதுவரை ஒரு புகாரும் வரவில்லை" என்று பெருமையாக அறிக்கை அனுப்பாதீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. பெட்டி அலுவலகத்துக்குள் இருக்கிறதா? எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? புகார் யாரைப் பற்றியோ அவரே பெட்டியைத் திறக்கிறாரா? ஒரு தொலைபேசி எண்ணையும் பொறுப்பாளர் பெயரையும் வேலை நடக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

மற்றபடி செய்ய வேண்டியது கடினமில்லை. முதலில் பாதிப்பைத் தவிர்க்கப் பாருங்கள், முடியாவிட்டால் குறையுங்கள், மிஞ்சியதைச் சரிசெய்யுங்கள், இழப்பீடு கடைசியில்தான். பலர் இழப்பீட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பட்ஜெட்டில் தனி வரி போடுங்கள். டெண்டர் ஆவணத்தில் விலை கேட்காத எதையும் ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார், அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நீரைச் சோதித்த பிறகு கிணற்றைத் திறந்துவிடுங்கள். இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், "குழு கவனிக்கும்" என்று எழுதாதீர்கள்.

ஒரு பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பாதிப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் மானியம் கிடைக்காது என்று நினைத்துத்தான் பலர் மறைக்கிறார்கள். "இன்ன பாதிப்பு வரலாம், இப்படிச் சமாளிப்போம், இவ்வளவு செலவாகும்" என்று எழுதிய முன்மொழிவைத்தான் நாங்கள் நம்பிப் படிக்கிறோம். என்ன எழுதுவது என்று தெரியவில்லையா, இடத்தை முடிவு செய்வதற்கு முன்பே மானிய அதிகாரியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள். வரைபடத்தில் ஒரு குழியை நகர்த்த ஐந்து நிமிடம்கூட ஆகாது.