சக்கரம் யார் கையில்?

சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி கேட்டிருந்தார்: "எங்கள் பிரிவுத் தலைவர் தினமும் 12 மணி நேரம் உழைக்கிறார், உற்சாகமாகத்தான் இருக்கிறார். என் ஷிப்ட் 9 மணி நேரம். எனக்குத்தான் படபடப்பு, தூக்கமும் இல்லை. என் மனசு அவ்வளவு பலவீனமா?"

இல்லை. அதற்காக மணிக்கணக்கு முக்கியமில்லை என்றும் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து கணக்கிட்டன. 70 மணி நேரம் உழையுங்கள், 90 மணி நேரம் உழையுங்கள் என்று ஏலம் விடும் பெரிய மனிதர்கள் அதை ஒருமுறை படிக்கலாம். ஆனால் ஒரே கட்டடத்தில் ஒருவர் வாடுவதும் இன்னொருவர் செழிப்பதும் ஏன் என்பதற்கு மணிக்கணக்கில் விடை கிடைக்காது.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டால் அட்ரினலின் பாயும், கார்டிசால் ஏறும், இதயம் வேகமெடுக்கும். ஆபத்து விலகியதும் எல்லாம் இறங்கும். இது பள்ளியில் படித்ததுதான். ஏறியது சிலருக்கு மட்டும் இறங்காமல் போவதுதான் நம் சிக்கல்.

பொறுப்பு கூடினால் வயிற்றுப்புண் வரும், அது முதலாளிகளின் நோய் என்றொரு நம்பிக்கை வெகுநாள் இருந்தது. அதற்கு வலு சேர்த்தது 1958இல் ஜோசப் பிரேடி குரங்குகளை வைத்துச் செய்த சோதனை. ஜோடியில் ஒரு குரங்கு நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டுக்குமே மின்னதிர்ச்சி வராது. புண் வந்து செத்தது அந்தப் 'பொறுப்பான' குரங்குதான். செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம்! ஆனால் அந்தப் பதவிக்கு அவர் குரங்குகளைக் குலுக்கல் முறையில் எடுக்கவில்லை. எது வேகமாக நெம்புகோலை அழுத்தியதோ அதையே பார்த்துப் பொறுக்கியிருந்தார். ஆகவே புண் பொறுப்பால் வந்ததா, அந்தக் குரங்கின் இயல்பால் வந்ததா என்று சொல்ல முடியாது.

மனிதர்களிடம் கணக்கு நேர்மாறாக வந்தது. லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் 17,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் அரசு மருத்துவம் இலவசம். இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயில் சாகும் அபாயம் உயரதிகாரிகளைவிட 3 மடங்குக்கும் அதிகம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கழித்த பிறகும் பெரும் இடைவெளி மிஞ்சியது. மைக்கேல் மார்மட் குழு 1985இல் இரண்டாம் சுற்றைத் தொடங்கி, மிஞ்சியதில் பெரும்பங்கு எதனால் என்று துருவியது. தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை எவ்வளவு இருக்கிறது என்பதே அதில் வலுவாகத் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இனிமேல்தான் வருகிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் இரண்டு எலிகளின் வாலை ஒரே மின்சுற்றில் தொடராக இணைத்தார். ஒன்றுக்குப் பாயும் மின்சாரம்தான் இன்னொன்றுக்கும். அதே அளவு, அதே நொடி. முதல் எலியின் முன்னால் ஒரு சிறு சக்கரம். அதைச் சுழற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலிக்கு முன்னாலும் சக்கரம் உண்டு, ஆனால் அது எதோடும் இணைக்கப்படவில்லை. எவ்வளவு சுழற்றினாலும் பயனில்லை. கடைசியில் வயிற்றைத் திறந்து பார்த்தால், பொம்மைச் சக்கரத்து எலிக்குப் புண் மிக அதிகம். அதிர்ச்சிக்கு முன் ஒரு பீப் சத்தம் கொடுத்தாலும் புண் குறைந்தது. எப்போது வரும் என்று தெரிந்தால், வராத நேரத்திலாவது நிம்மதியாக மூச்சு விடலாமே. 'நீ சுழற்றியது பலித்தது' என்று ஒரு சத்தம் காட்டியபோது இன்னும் குறைந்தது. பலித்ததா என்று தெரியாமல் ஓயாமல் முயன்ற எலிகளுக்குப் புண் கூடியது. பிரேடியின் குரங்குகளும் அந்த ரகம்தான்.

சரி, 'சக்கரம் என் கையில்' என்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மேயர் குழு பல ஆண்டுகள் இதையே தோண்டியது. மூளைத்தண்டில் முதுகுப்புற ரஃபே கரு என்று நரம்பணுக்களின் ஒரு சிறு கொத்து இருக்கிறது. தொல்லை தொடரும்போது அது செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். விலங்கு அஞ்சி ஒடுங்கிவிடும். (செரட்டோனின் என்றாலே மகிழ்ச்சி என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். எந்த இடத்தில் சுரக்கிறது என்பதைப் பொறுத்தது.) நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி, தன் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுகொண்டால் அந்தக் கருவை அடக்கிவிடுகிறது.

2005இல் அந்தப் பகுதியை மருந்தால் தற்காலிகமாக அணைத்தார்கள். எலி வழக்கம்போலச் சக்கரத்தைச் சுழற்றியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனால் அப்புறம் அது சக்கரமே இல்லாத எலியைப் போல ஒடுங்கிக் கிடந்தது. பிறகு மறுபக்கமும் பார்த்தார்கள்: அதிர்ச்சியை நிறுத்த வழியில்லாத எலிக்கு அதே பகுதியை மருந்தால் தூண்டினால், நிறுத்த முடிந்த எலியைப் போலத் தெம்பாக இருந்தது.

1967இல் மேயரும் மார்ட்டின் செலிக்மனும் 'விலங்குகள் கையறு நிலையைக் கற்றுக்கொள்கின்றன' என்று எழுதிப் புகழ்பெற்றவர்கள். ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, 2016இல், இருவருமே அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட தொல்லைக்கு ஒடுங்குவதுதான் மூளையின் பிறவிப் பழக்கம், அதில் கற்க ஒன்றுமில்லை. கற்க வேண்டியது 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதைத்தான். சொந்தக் கோட்பாட்டைத் தாங்களே கவிழ்க்கும் இந்த நேர்மைக்காகவே எனக்கு அறிவியல் பிடிக்கும்.

எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்கு ஒட்டிவிட முடியாது. ஆனால் வைட்ஹால் முடிவுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. சேவைப் பிரிவில் அழைப்பு எப்போது வரும், எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும், என்ன வாக்கியம் பேச வேண்டும் என்பதெல்லாம் வேறெங்கோ முடிவாகிறது. தலைவர் 12 மணி நேரம் உழைத்தாலும் எதை முதலில் செய்வது என்று அவரே முடிவு செய்கிறார். ராபர்ட் கரசெக் 1979இலேயே இதை எழுதினார்: பளு மட்டும் கூடினால் பரவாயில்லை, பளு கூடி அதிகாரமும் இல்லாவிட்டால்தான் ஆபத்து. கூட நிற்கும் சக ஊழியரும் மேலாளரும் இல்லாவிட்டால் இன்னும் மோசம் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

நிறுவனங்கள் இதற்கு என்ன செய்கின்றன? தியானச் செயலிக்குச் சந்தா, வெள்ளிக்கிழமை யோகா, மீள்திறன் பயிலரங்கு. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். இத்தகைய திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மனநலத்தில் வேறுபாடு தெரியவில்லை. தன்னார்வத் தொண்டு மட்டும் விதிவிலக்கு. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு என்பதால் இறுதித் தீர்ப்பு அல்ல. என் கருத்து, செயலிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை நம் ஐடி ஊழியர்களையும் திருப்பூர் ஆடைத் தொழிலாளர்களையும் முப்பது ஆண்டு பின்தொடரும் ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டுவதற்கோ செலவே இல்லை. அதுதான் அந்தப் பீப் சத்தம்.

தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மேலாளர் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 கட்டணமில்லாத எண்; தமிழிலும் பேசலாம்.

வாஸ்து பார்த்து ஊழியர்களின் மேசையைக் கிழக்கே திருப்பும் அலுவலகங்களும் உண்டு. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹஸ்லம் இருவரும் 2010இல் வெளியிட்ட சோதனையில், செடியையும் படத்தையும் தங்கள் விருப்பப்படி வைக்க விட்டபோது ஆட்கள் நன்றாக வேலை செய்தார்கள். வைத்ததை ஆய்வாளர் வந்து மாற்றி வைத்ததும் அந்தப் பலன் போய்விட்டது. ஆகவே மேசையைத் தாராளமாகக் கிழக்கே திருப்பலாம், அதில் உட்காருபவர் தானாக விரும்பித் திருப்பினால்.