துருவஞ்சூழ் நீரோட்டம்: ஏன் 'சுழல்' ஆகாது?

2025 மார்ச்சில் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். கரியமில வாயு உமிழ்வு மிகுதியாகவே தொடர்ந்தால், அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் பெருங்கடல் நீரோட்டம் 2050-க்குள் ஏறத்தாழ 20 விழுக்காடு வேகம் குறையக்கூடும் என்பது அதன் சாரம். தமிழில் அது 'அண்டார்டிக் சுழல் வலுவிழக்கிறது' என்ற தலைப்போடு வந்து சேர்ந்தது. கும்பகோணத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சுழல் வலுவிழந்தால் நல்லதுதானே, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அவர் மீது தவறே இல்லை. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டதைப் பார்த்த டெல்டாக்காரருக்கு, வானிலைச் செய்தியில் 'வலுவிழந்தது' என்பதைவிட இனிய சொல் கிடையாது. பிழை மொழிபெயர்த்தவருடையது. அதன் பிறகும் அந்தச் 'சுழல்' செய்தி வாசிப்பிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

வேர்ச்சொல் கதை சிறியது. 'அண்டார்டிக் சர்க்கம்போலார் கரண்ட்' என்ற ஆங்கிலப் பெயரில், அண்டார்டிகாவை விட்டால், மூன்று துண்டுகள்: சுற்றிலும் என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு, அச்சைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த துருவம், ஓடுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த ஓட்டம். 'நீரோட்டம்' என்ற நம் சொல்லிலும் அதே ஓட்டம் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழகக் கடலோரங்களில் மீனவர்கள் 'நீவாடு' என்கிறார்கள். அந்த அருமையான சொல் பாடநூலில் ஏறாமலே கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 'துருவம்' வடசொல். 'தென்முனை' என்று எழுதுவோரை வரவேற்பேன். ஆனால் துருவம் நம் நாவில் ஊறிப்போனது, அதோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டையெல்லாம் 'சுற்றிலும்' என்ற முதல் துண்டைப் பற்றியது.

காவிரிக்கரையில் வளர்ந்தவருக்குச் சுழல் என்றால் என்னவென்று அகராதி சொல்லித்தர வேண்டியதில்லை. மதகு திறந்திருக்கும்போது அதன் கீழ்ப்புறம் தண்ணீர் நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றிக்கொள்ளும், நடுவில் குழியும், மிதந்து வரும் மூங்கில் இலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்விடும். 'அங்கே சுழி இருக்கிறது, இறங்காதே' என்று பிள்ளைகளை அதட்டுவதும் அதனால்தான். சுழலுக்கு நடுவிலும் நீர்தான். தென்கடல் நீரோட்டத்தின் நடுவிலோ ஒரு கண்டமே உட்கார்ந்திருக்கிறது. வழியில் எந்த நிலமும் குறுக்கிடாததால், மேலைக்காற்று தள்ளத் தள்ள, மேற்கிலிருந்து கிழக்காக 20,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. அது கடலின் மேற்பரப்பில் மட்டும் ஓடுவதுமன்று; அடித்தரை வரை நீர் நகர்கிறது, கடலடி மலைத்தொடர்களுக்கேற்ப வளைந்துகொடுக்கிறது. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணை வழியே வினாடிக்குச் சுமார் 13 கோடி கன மீட்டர் நீர் போவதாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2016-இல் வெளியான அளவீடு அதை 17 கோடிக்கும் மேல் என்றது. மேட்டூர்க் கணக்கில் சொன்னால், வினாடிக்கு 600 கோடி கன அடிக்கும் மேல். ஒரு லட்சம் கன அடி திறந்தாலே கொள்ளிடக்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை போகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. இந்த நீரோட்டத்துக்குள்ளேயே உண்மையான சுழல்கள் இருக்கின்றன! ஓட்டம் ஒரே பட்டையாகப் போவதில்லை. வெப்பமும் உப்பும் சட்டென்று மாறும் எல்லைகளை ஒட்டிப் பல விரைவோட்டங்களாகப் பிரிந்து ஓடுகிறது. அந்த விரைவோட்டங்கள் நெளிந்து அறுபட்டு, பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்களை உதிர்க்கின்றன. வடக்கிலிருந்து வெப்பத்தைத் தெற்கே கடத்துவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. காற்று வலுக்கும்போது, கூடுதல் ஆற்றலில் பெரும்பகுதியை இந்தச் சுழல்கள் வாங்கிக்கொள்வதால் மொத்த ஓட்டம் எதிர்பார்த்த அளவு பெருகுவதில்லை என்பது கடலியலில் முக்கியமான கருத்து. முழு ஓட்டத்துக்கும் 'சுழல்' என்று பெயர் வைத்துவிட்டால் 'சுழல் வலுத்தும் சுழல் பெருகவில்லை' என்றுதான் எழுத வேண்டிவரும். அப்படி எழுதிய பாடத்தை எந்த மாணவர் புரிந்துகொள்வார்? போதாததற்கு, துருவத்துக்கு மேலே வானத்தில் சுற்றும் குளிர்க்காற்றையும் 'துருவச் சுழல்' என்றே எழுதுகிறோம். அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. அதைப் பிடுங்கிக் கடலில் போடுவது அநியாயம்.

'சுற்றுத்துருவ நீரோட்டம்' என்றொரு ஆக்கமும் உலவுகிறது. ஆங்கிலத் துண்டுகளை வரிசை மாறாமல் அடுக்கியதன் விளைவு இது. சுற்றுச்சுவர் என்றால் சுற்றியிருக்கும் சுவர். அந்த வழியில் பார்த்தால் சுற்றுத்துருவம் என்பது சுற்றியிருக்கும் துருவம் ஆகிவிடும். அசையாதது என்று பொருளுள்ள துருவத்தைப் போய்ச் சுற்றவிடலாமா?

நமக்கு வேண்டிய வினை 'சூழ்'. திருமண அழைப்பிதழில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று அச்சடிக்கிறோம். நடுவில் ஒருவர் இருக்க, நாற்புறமும் மற்றவர் நிற்பது. துருவத்தைச் சூழ்ந்து ஓடுவது துருவஞ்சூழ் நீரோட்டம். சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, இலக்கணத்துக்கும் இடறில்லை. எழுத்தில் சுழலுக்கும் சூழலுக்கும் ஒரு நெடில்தான் வேறுபாடு. அதனாலேயே கைதவறிப் புழக்கத்துக்கு வந்ததோ என்னவோ. கண்டத்தைச் சூழ்ந்து நின்று, வெதுவெதுப்பான வடபுலத்து நீரைப் பெருமளவு பனிக்கட்டி அருகே அண்டவிடாமல் காக்கிறது என்று விளங்கினால்தான், அது தளர்வது கேடு என்று கும்பகோணத்துப் பெரியவருக்கும் உடனே புரியும். பனி உருகிக் கலக்கும் நன்னீரே அந்தத் தளர்ச்சிக்குக் காரணமாகலாம் என்பதுதான் மெல்பர்ன் ஆய்வின் கவலை.

வடக்கே நிலைமை தலைகீழ். ஆர்க்டிக் நடுவில் நிலம் இல்லை, கடல்தான். அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கே கடிகாரச் சுற்றில் திரியும் போஃபோர்ட் ஓட்டம் உண்மையிலேயே சுழல். காற்றின் போக்குக்கேற்ப நன்னீரைத் தேக்கியும் வெளிவிட்டும் மாறுகிறது. அதையோ நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'போஃபோர்ட் நீரோட்டம்' என்கிறார்கள்! சுழலை ஓட்டம் என்றும் ஓட்டத்தைச் சுழல் என்றும் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது வரைபடத்தை விரித்துப் பார்த்தார்களா?

சைபீரியப் பக்கத்திலிருந்து துருவத்தைக் கடந்து கிரீன்லாந்தை நோக்கி மெல்ல நகரும் இன்னொன்றும் உண்டு, ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்போலார் டிரிஃப்ட்'. 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கிய ஜீனெட் கப்பலின் மிச்சங்கள் 1884-இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அதை நம்பித்தான் நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென் 1893-இல் ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1896-இல் கப்பல் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு அருகே வெளிப்பட்டது. பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு, காற்றின் போக்கிலும் நீரின் போக்கிலும் ஊர்ந்து போகும் இந்த நகர்வை 'நீரோட்டம்' என்றால் அதன் மெதுவான தன்மை தொலைந்துவிடும். 'ஆற்றொழுக்கு' என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். அந்த 'ஒழுக்கு' இங்கே அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது: துருவங்கடக்கும் ஒழுக்கு.