ஆய்வுகூடத்திடம் விலை கேட்பதற்கு முன்

கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குக் கறுவா எண்ணெய் அனுப்புகிறவர்களுக்குப் பாதுகாப்பு ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பலர் என்னிடம் வரும்போதே வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றின் விலைப்பட்டியலைக் கையில் வைத்திருக்கிறார்கள். முயலின் கண், கினிப்பன்றியின் தோல் என்று அதில் சோதனைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் பல தேவையே இல்லாதவை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் சட்டம் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு ஒரு தொன்னோ அதற்கு மேலோ போகும் இரசாயனப் பொருளைப் பதிய வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் சோதிப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 25ஆம் உறுப்புரை சொல்வதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அந்த அறியாமைக்கு விலை கொடுப்பது விலங்குகள். எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் முதலில் கேட்பது ஜீ.சி. அறிக்கை, அதாவது எண்ணெயில் என்னென்ன சேர்வைகள் எவ்வளவு உள்ளன என்று காட்டும் வாயு நிறப்பிரிகை அறிக்கை. கறுவா இலை எண்ணெயில் மிகுந்திருப்பது யூஜினோல், பட்டை எண்ணெயில் சினமல்டிகைட்டு. எது என்று தெளிவாக எழுதாமல் 'கறுவா எண்ணெய்' என்று மட்டும் குறித்தால், பின்னால் வரும் தரவு எதுவும் நம் பொருளுக்குப் பொருந்துமா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டு சேர்வைகளும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்தது. அதை மறுபடி நிரூபிக்க ஒரு கினிப்பன்றிகூட வேண்டாம்.

அடுத்து, நம் சார்பில் பதிவைச் செய்ய ஐரோப்பாவில் நாம் நியமிக்கும் தனிப் பிரதிநிதி, ஹெல்சின்கியிலுள்ள ஐரோப்பிய இரசாயன முகமையிடம் விசாரிக்க வேண்டும். அதே பொருளை வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருந்தால், அவர் செய்த விலங்குச் சோதனையைத் திரும்பச் செய்யச் சட்டம் இடம் தராது. செலவில் பங்கு கொடுத்துத் தரவைப் பெற வேண்டும். தொகையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதற்கான கணக்கை விவரமாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

இதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால்தான் சோதனை. தோல் எரிச்சலை அறிய, ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரி போதும் (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் சோதனை வழிகாட்டி 439). கண்ணுக்கு, இறைச்சிக்காக அறுத்த மாட்டின் விழிவெண்படலம் (437). எண்ணெய் நீரில் எளிதில் கரையாததால் செல்களில் செய்யும் சில சோதனைகள் 'பாதிப்பில்லை' என்று பொய்யாகக் காட்டக்கூடும். கரைதிறனை எப்படிக் கையாள்வார்கள் என்று ஆய்வுகூடத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கருவின் வளர்ச்சியைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான மாற்று இல்லை. வழிகாட்டி 414இன்படி குழுவுக்குச் சுமார் 20 சினை எலிகள். பொருளை மூன்று வெவ்வேறு அளவுகளில் கொடுக்கும் குழுக்களும் ஓர் ஒப்பீட்டுக் குழுவும் சேர்த்தால் 80 தாய் எலிகள், அவற்றின் கருக்கள் வேறு. 100 தொன் மட்டத்தில் வரும் இச்சோதனைக்கு முதலில் முன்மொழிவு கொடுக்க வேண்டும். முகமை அதை வெளியிட்டு, பிறரிடமுள்ள தகவலுக்காக 45 நாட்கள் காத்திருந்து, பிறகே முடிவெடுக்கும். அமைப்பில் ஒத்த வேறொரு பொருளின் தரவைக் கொண்டு வாதிடவும் வழியுண்டு. அந்த வாதத்தை எழுத மாதங்கள் பிடிக்கும். ஆகவே அடுத்த ஆண்டு உங்கள் ஏற்றுமதி 100 தொன்னைத் தொடும் என்று தோன்றினால், ஓடர் உறுதியாகும்வரை பொறுக்காமல் இப்போதே சொல்லுங்கள்.