நாயோடு காட்டுக்குப் போகலாமா? சென்னைவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

கிண்டி தேசியப் பூங்கா, வேடந்தாங்கல், முதுமலை என எங்கே போவதானாலும், வளர்ப்பு நாயையும் சேர்த்துத் திட்டம் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'நாய் கூடாது' என்று தனியாக ஒரு வரி தேடினால் கிடைக்காது. ஆனால் 27, 28-ஆம் பிரிவுகளின்படி சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும். ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற சில காரணங்களுக்குத்தான் அது கிடைக்கும். என்ன நிபந்தனையோடு தருவது என்பது வனத்துறையின் கையில். தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். "பெல்ட் போட்டிருக்கேன் சார், ஒண்ணும் செய்யாது" என்று வாசலில் வாதாடிப் பயனில்லை.

காரணம் கடி மட்டுமல்ல. நாய் துரத்திய மான், மேலே ஒரு பல் படாவிட்டாலும், சில மணி நேரம் கழித்துச் செத்து விழலாம். அளவு மீறிய ஓட்டத்திலும் பயத்திலும் தசை சிதைந்து சிறுநீரகமும் இதயமும் கெடுகின்றன. நோய் இன்னொன்று. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, சிலவற்றின் உடலில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. கிண்டிப் பூங்காவோ மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதற்குள் வெளிமானும் புள்ளிமானும் ஓடி ஒளிய எவ்வளவு இடம் இருக்கும்?

நாயை ஏவி விலங்கைத் துரத்துவது சட்டத்தின் பார்வையில் வேட்டை. சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ அதைச் செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

காட்டின் ஊடாகச் செல்லும் பொதுச் சாலையில் பயணம் செய்ய நுழைவு அனுமதி தேவையில்லை. மைசூரிலிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்குப் போகிறவர்கள் நாயைக் காரிலேயே கொண்டுபோகலாம். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள், நாயைச் 'சும்மா ஒரு நிமிடம்' இறக்காதீர்கள். குரைக்கும் நாயை யானைக்கு அறவே ஆகாது. துரத்தினால் நாய் ஓடி வருவது உங்களிடம்தான், பின்னாலேயே யானையும் வரும். ஆகவே காட்டுக்குள் நுழையும் முன்பே தண்ணீர் காட்டி, சிறுநீர் கழிக்க வைத்துவிடுங்கள். கண்ணாடியை மூக்கு நுழையும் அளவுக்கு மேல் இறக்க வேண்டாம்.

காட்டோர விடுதியில் தங்கினால் இரவில் நாயை வாசலில் கட்டக் கூடாது. சிறுத்தைக்கு நாய் எளிதான இரை.

பூங்காவைப் பார்க்கப் போகிற நேரத்தில் நாயைக் காரில் பூட்டிவைக்கிறவர்களும் உண்டு. வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். ஒருவர் நாயோடு வெளியே இருந்து மாற்றி மாற்றிப் பார்ப்பதோ, நாயை வீட்டிலேயே விட்டு வருவதோதான் வழி.

கிளம்பும் முன் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் சென்னை மாநகராட்சியின் வளர்ப்புப் பிராணி உரிமமும் கையில் இருக்கட்டும். உரிமத்துக்கும் அந்தத் தடுப்பூசிச் சான்று தேவை. நாய்க்கு அதுதான் முதல் ஊசி என்றால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. டிஸ்டெம்பரையும், குடலைத் தாக்கும் பார்வோ வைரஸையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி தனி. உண்ணி மருந்தை முன்கூட்டியே போட்டாலும், திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கு, அக்குள் மூன்றையும் விலக்கிப் பாருங்கள்.

குரங்கோ நரியோ நாயைக் கடித்துவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாய்க்கும் கடிக்குப் பிந்தைய ஊசி வேண்டும்.