மண்வள அட்டையில் கதிர்வீச்சு ஏன் இல்லை? காரைக்குடிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

பள்ளத்தூரில் எங்கள் உறவுக்கார ஆச்சி ஒருவர் வயல் மண்ணைச் சோதித்து அரசு கொடுத்த தன் மண்வள அட்டையை என்னிடம் நீட்டினார். "தம்பி, மண்ணுல கதிர்வீச்சு இருக்குங்கிறாகளே, அத இதுல எங்க போட்டிருக்கு?" தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம், போரான் என 12 விவரங்கள் அதில் இருந்தன. கதிர்வீச்சு இல்லை. 2015-ல் வந்த அந்தத் திட்டம் பயிருக்கானது, அதில் இது வராது.

ஆனால் ஆச்சி கேள்விப்பட்டது பொய்யில்லை. தாமாகவே கதிர்வீசும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியம்-40-ம் பூமி உருவான நாளிலிருந்தே மண்ணில் இருக்கின்றன. நம் செம்மண்ணிலும் உண்டு, வீட்டுத் தூணாக நிற்கும் கல்லிலும் உண்டு. நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்திலும் கொஞ்சம் உண்டு.

அளக்கும் விதம் பொறுமையைச் சோதிக்கும். மேல்மண்ணை எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, 110 டிகிரி சூட்டில் உலர்த்தி, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கிறார்கள். அப்புறம் ஏறக்குறைய 30 நாள் தொடவே மாட்டார்கள். யுரேனியம் சிதைந்து ரேடியம் வருகிறது, ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் ஒரு வாயு. அது தப்பிப் போய்விட்டால் கணக்கு குறைந்து காட்டும். உள்ளே பிடித்து வைத்து, அது பிறக்கும் வேகமும் சிதையும் வேகமும் சமமானபின் ஈயக் கவசத்துக்குள் வைத்து காமா கதிர்களை எண்ணுகிறார்கள். ஆகவே கையில் ஒரு கருவியுடன் மனையைச் சுற்றி வந்து ஐந்து நிமிடத்தில் யாராவது "ஆபத்து" என்று சொன்னால், அது மண் பரிசோதனையே இல்லை.

முடிவு ஒரு கிலோவுக்கு இத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்று வரும். ஐ.நா. அறிவியல் குழு 2000-ல் கொடுத்த உலக நடுமதிப்பு: ரேடியம் 35, தோரியம் 30, பொட்டாசியம் 400. மூன்றையும் ஒரே எண்ணாக்க, தோரியத்தை 1.43-ஆலும் பொட்டாசியத்தை 0.077-ஆலும் பெருக்கி ரேடியத்தோடு கூட்ட வேண்டும். இந்த மதிப்புகளுக்கு ஏறக்குறைய 109 வருகிறது. கட்டுமானப் பொருளுக்கு ஆய்வாளர்கள் வைத்துப் பார்க்கும் எல்லை 370. உங்களிடம் அறிக்கை இருந்தால் இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1962-ன் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் இதைக் கவனிக்கிறது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற வரம்பு அணு உலை, ஆலை போன்ற மனிதச் செயல்களுக்கானது. இயற்கையில் வருவது அதில் சேராது. உலக சராசரிப்படி இயற்கையே நமக்கு ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் தருகிறது, அதில் பாதி ரேடானால் வருவது. அதனால் வீட்டு மனைக்குக் "கதிர்வீச்சுச் சான்றிதழ்" வாங்க வேண்டும் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நமக்கு உரிமை இருப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று கட்டுமானப் பொருள். உர ஆலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தைக் கட்டுமானத்துக்கு விற்கும்போது ரேடியம் கிராமுக்கு 1 பெக்கரலைத் தாண்டக் கூடாது என்று வாரியம் விதித்திருக்கிறது. ஜிப்சம் பலகை வாங்கும்போது எதிலிருந்து செய்தது என்று கேளுங்கள், சோதனை அறிக்கையும் கேளுங்கள்.

மற்றது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். என்னைக் கேட்டால், மண்ணைவிட இதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் யுரேனியத்துக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரம்பு உண்டு. அளவு மீறினால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்றிச் செறிவுதான் கூடும். ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு நீக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் அரசு குடிநீர் ஆய்வகங்கள் பொதுமக்களுக்கும் திறந்திருக்கின்றன. சிறு கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். யுரேனியச் சோதனை எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. மாதிரி கொண்டு போகுமுன் கேட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே எடுத்த முடிவுகள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

ரேடானைப் பற்றி ஒரு வார்த்தை. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் அதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காற்றோட்டம் இருந்தால் தங்காது. முற்றம் திறந்த நம் வீடுகளில் அது கலைந்துவிடும். ஆனால் பூட்டியே கிடந்து கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகளில், மண்ணிலிருந்து கசிந்தது உள்ளறைகளில் தேங்கியிருக்கலாம். பிள்ளைகளைப் படுக்க வைக்குமுன் எல்லாக் கதவையும் ஜன்னலையும் சில மணி நேரம் திறந்து வையுங்கள்.

ஆச்சி அட்டையை மடித்து வைத்துவிட்டு, போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கழுவிய பாட்டில் ஒன்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்.